செம்பூரில் இஞ்சி பீர்

மஹாராஷ்டிராவில் பீர் குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மற்ற சரக்கு என்றால் 25. அதற்கும் மேலே, சட்டப்படி கையில் ஒரு பெர்மிட் இருக்க வேண்டும். இது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் தெரிந்தும் வாங்குவதில்லை. நான் மாற்றலாகி இங்கே வந்த சமயத்தில் ஒரு நாளைக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 100, ஆயுள் பெர்மிட் 1000 ரூபாய் என்று கட்டணம். எல்லாம் 1949-ஆம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் செய்கிற வேலை. 1960-ல் பம்பாய் மாநிலம் இரண்டாகப் பிரிந்தபோது சட்டமும் இரண்டு பக்கமும் போனது. குஜராத்தில் அதே சட்டத்தை வைத்து மதுவிலக்கு, இங்கே அதே சட்டத்தை வைத்து பெர்மிட்!

சரி, ஒரு பேங்க் ஆபீசருக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டது நானில்லை, என் மகன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மே மாதம். பையன் சும்மா இருந்தால் வீடு தாங்காது, உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆரம்பித்து வைத்தவன் மிச்சிகனில் இருக்கும் என் சித்தி மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து, "அண்ணே, என்னோட முதல் பேட்ச் பீர் இன்னைக்கு பாட்டில் பண்றேன், பாருங்க" என்று கேமராவைத் திருப்பிக் காட்டினான். சமையலறை மேடை முழுக்கக் காலி பாட்டில்கள். அமெரிக்காவில் இது குற்றமில்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, வீட்டில் பெரியவர் ஒருவர் என்றால் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேர் இருந்தால் 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது.

அவன் காய்ச்சியது 5 காலன், அதாவது 19 லிட்டர். முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் என்கிற பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் போட்டு, மூடி வைத்த வாளியில் இரண்டு வாரம் விட்டிருக்கிறான். அன்றைக்கு பாட்டிலில் அடைக்கும் நாள். 355 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஐம்பது வரும். அடைப்பதற்கு முன்னால் ஒரு லிட்டருக்கு 6 கிராம் கணக்கில் சீனியைத் தண்ணீரில் காய்ச்சிக் கலந்தான்.

"புளிச்சு முடிஞ்ச பிறகு எதுக்கு சித்தப்பா சீனி?" என்று என் மகன் கேட்டான்.

வாளியில் புளிக்கும்போது உண்டான வாயு எல்லாம் வெளியே போய்விடுமாம். பீர் அப்போது சப்பென்று இருக்கும். மூடிய பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தக் கொஞ்சம் சீனியைத் தின்று மறுபடி வாயுவை விடும். வெளியே போக வழியில்லாமல் அது பீருக்குள்ளேயே கரைந்து நிற்கும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று வருகிறதே, அது இதுதான். சீனி கொஞ்சம் குறைந்தால் நுரை வராது. கூடினால் பாட்டில் வெடிக்கும். சரியான அளவில் போட்டாலே உள்ளே கார் டயர் அளவுக்கு அழுத்தம் ஏறிவிடுகிறதாம்.

(இதில் ஒரு வேடிக்கை. அவனுக்கு அங்கே பீர் புளிக்கிறது, இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது. குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தை அவன் (ovenக்குப் பதிலாக) அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, உள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் புளிக்க வைக்கிறார்கள். செம்பூரில் எங்களுக்கு மாவு இரவு பத்து மணிக்கே பாத்திரத்தை விட்டு வெளிநடப்பு செய்கிறது. :-))

கால் முடிந்ததும் மகன் ஆரம்பித்துவிட்டான். "அப்பா, நம்மளும் செய்யலாமா?"

செய்யக்கூடாது. இங்கே லைசென்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம், அதுவும் உனக்கு 15 வயது என்றேன். அரை மணி நேரத்தில் வேறொன்றோடு வந்தான். இஞ்சி பீர். பெயரில்தான் பீர். இஞ்சி, சீனி, எலுமிச்சை, தண்ணீர் அவ்வளவுதான் சரக்கு. லேசாகப் புளித்து நுரை கட்டியதும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். ஆல்கஹால் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். நாள்கணக்கில் வெளியே விட்டால் பீர் அளவுக்கே ஏறிவிடும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றான்.

இந்த இஞ்சி பீருக்கு நம்மோடு ஒரு தூரத்து உறவு இருக்கிறது. இதைப் புளிக்க வைப்பது எது என்று நுண்ணோக்கியில் பார்த்து 1892-ல் விவரமாக எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்கிற ஆங்கிலேயர். ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன என்று கண்டுபிடித்தார். அதே ஆள்தான் 1880-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, காப்பிச் செடியில் விழுந்த துரு நோய் ஒரு பூஞ்சையால் வருகிறது என்று ஆராய்ந்தவர். அந்த நோயில் காப்பித் தோட்டங்கள் அழிந்துதான் அங்கே தேயிலை வந்தது. நம் சனங்கள் கொழுந்து பறிக்கப் போனதும் அதைத் தொட்டுத்தான்.

வேலை ஆரம்பமானது. செம்பூர் மார்க்கெட்டில் தோல் சுருங்காத இஞ்சியாகப் பொறுக்கி வாங்கினோம். தோலைச் சீவக்கூடாது, ஈஸ்ட் அந்தத் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணாடி ஜாடியில் துருவிய இஞ்சி இரண்டு ஸ்பூன், சீனி இரண்டு ஸ்பூன், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர். தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சீனி தீனி போட வேண்டும். குளிர் ஊரில் ஒரு வாரம் ஆகுமாம். மும்பை மே மாதத்தில் மூன்றாம் நாளே ஜாடிக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பிவிட்டது.

மகன் ஒரு நோட்டில் சமன்பாடு எழுதிக் காட்டினான். 180 கிராம் குளுக்கோஸ் முழுதாகப் புளித்தால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் கரியமில வாயு. நான் பி.காம். எனக்கு கெமிஸ்ட்ரி ஆகாது. ஆனால் 92-ம் 88-ம் கூட்டினால் 180 வருகிறது பாருங்கள், அது எனக்குப் புரியும். பற்று வரவு பைசா சுத்தமாக டேலி ஆகிறது. எங்கள் பிராஞ்சில் மார்ச் 31 இரவு அப்படி ஆனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இரண்டு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியும் 200 கிராம் சீனியும் போட்டுக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பிறகு இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, ஜாடித் தண்ணீரை வடிகட்டி ஊற்றினோம். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். அடுத்தது பாட்டில். கண்ணாடி வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில்கள் நான்கு, பங்கார்வாலாவுக்குப் போகாமல் மகன் எடுத்து வைத்திருந்தான். பிளாஸ்டிக்கில் ஒரு வசதி, விரலால் அமுக்கிப் பார்க்கலாம். தளர்வாக இருந்தால் இன்னும் வாயு சேரவில்லை, கல் மாதிரி இருந்தால் உடனே ஃப்ரிட்ஜ்.

நம் ஊர் கோலி சோடாவிலும் இதே கணக்குதான். ஹிராம் காட் என்பவர் 1870-களில் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும், தனி மூடி வேண்டாம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் காளிமார்க் பவண்டோ இல்லாமல் பந்தி கிடையாது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய கம்பெனி. இங்கே செம்பூரிலும் ஒரு சோடா பரம்பரை உண்டு. 1889-ல் ஒரு பார்ஸிக்காரர் ஆரம்பித்த ட்யூக்ஸ் கம்பெனியின் ஃபாக்டரி இங்கேதான் இருந்தது. 1994-ல் பெப்ஸி அதை வாங்கிவிட்டது. பழைய செம்பூர்க்காரர்களிடம் மாங்கோலா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

எங்கள் வீட்டில் முகம் மாறியது அம்மாவுக்கு.

அம்மா உடன்குடிப் பக்கத்துக்காரர். அப்பா காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். மேடையில் நான்கு பாட்டிலையும் பார்த்துவிட்டு, "என்னய்யா இது?" என்று பேரனிடம் கேட்டார். "இஞ்சி பீர் ஆச்சி" என்றான் அவன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டார். ராத்திரி சாப்பிட வரவில்லை. என் மனைவி போய்க் கூப்பிட்டதற்கு, "அந்தப் பேருள்ள சாமான் அடுக்களையில இருந்தா நான் அங்க வரமாட்டேன் தாயி" என்றாராம்.

மகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு ஒரு தம்பி. என் தாய்மாமா. 1981-ல் பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு தாராவி வந்தவர்களின் கதை அதற்கும் பல தலைமுறை முந்தியது. ஊரில் யாரையாவது கேட்டால் ஒருவர் பேரைச் சொல்லித்தான் ரயில் ஏறியிருப்பார்கள். மாமா மாசாமாசம் மணியார்டர் அனுப்புவார். 1987-ல் தந்தி வந்தது. குடித்துச் செத்துப்போனார் என்று ஊரில் பேச்சு. தாத்தா வைராக்கியக்காரர். "குடிச்சுச் செத்தவனுக்கு ஒண்ணும் கெடையாது" என்று பதினாறாம் நாள்கூட வைக்கவில்லை. சுவரில் இருந்த படத்தையும் கழற்றிவிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாமா பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் மும்பைக்கு மாற்றலாகி, அம்மாவும் வந்து இத்தனை வருஷத்தில் மாட்டுங்கா கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். அங்கேயிருந்து தாராவி எட்டிப் பிடிக்கும் தூரம். ஒரு நாளும் அந்தப் பக்கம் போகலாம் என்று சொன்னதில்லை.

மறுநாள் காலை மகன் தானே போய் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டிலை வீசிவிடுவதாகச் சொன்னான். பிறகு, "ஆச்சி, மாவு புளிக்கிற மாதிரிதான் இதுவும்" என்று விளக்கப் பார்த்தான்.

"புளிக்கிறது எனக்குச் சொல்லித் தாரியா?" என்றார் அம்மா. "கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீ, தடவலேன்னா கள்ளு. பனையேறி வீட்டுப் பக்கத்துல வளந்தவ நான். கள்ளு குடிச்சு ஆடுனவனப் பாத்திருக்கேன், விழுந்தவனப் பாத்திருக்கேன். ஒத்த ராத்திரியில செத்தவன பாத்ததில்ல. இந்த ஊருல என்ன எழவ ஊத்திக் குடுத்தானுவளோ."

பேரன் மெதுவாகக் கேட்டான். "ஆச்சி, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

சொல்லியிருந்தார்கள். மாமாவோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதியிருந்தாராம். தாத்தா அதைக் கிழித்துப் போடும் முன் அம்மா படித்திருக்கிறார். அப்படியே மனப்பாடமாகச் சொன்னார். சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து போய்க் குடித்தார்கள். காலையில் மாமா எழுந்து பட்டறைக்குப் போய் வேலை பார்த்தார். மத்தியானம் வயிற்றைப் பிரட்டுது என்றார். கண்ணுக்கு முன்னால் பனி மூட்டமாக இருக்குது என்றார். ராத்திரி மூச்சு வாங்கியது. கூடப் போனவர்களில் இன்னொருவரும் இறந்தார். ஒருவருக்குப் பார்வை போய்விட்டது.

மகன் என்னைப் பார்த்தான். பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள்தான் அவை. 2015 ஜூனில் இதே மும்பையில் மலாட் மால்வணியில் நூறு பேருக்கு மேல் இறந்தார்களே, 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் இறந்தார்களே, அதே மெத்தனால்.

அம்மாவுக்கு விளங்கும்படி நானும் அவனுமாகச் சொன்னோம். புளிப்பதால் உண்டாகிற ஆல்கஹால் வேறு, மெத்தனால் வேறு. மெத்தனால் பெயிண்ட், கெமிக்கல் ஃபாக்டரிகளில் உபயோகிக்கிற சாமான். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், வாசனையும் சாராயம் போலவே இருக்கும், விலை மலிவு. அதனால் கள்ளச் சாராயம் விற்கிறவன் போதை ஏற்ற அதைக் கலக்கிறான். குடித்ததும் ஒன்றும் தெரியாது. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு மூச்சை. மொடாக் குடிகாரன், முதல் தடவை குடிக்கிறவன் என்று அது பார்க்காது. 30 மில்லி உள்ளே போனாலே உயிர் போகலாம்.

"முப்பது மில்லின்னா எம்புட்டு?" என்றார் அம்மா.

இருமல் மருந்து ஊற்றும் சின்ன மூடியை எடுத்துவந்து, இதில் மூன்று என்று காட்டினான் மகன்.

அம்மா அந்த மூடியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். நான் டாக்டர் இல்லை, அந்த நாளில் யாரும் சோதனை செய்து பார்க்கவும் இல்லை, ஆனால் லெட்டரில் இருப்பது எல்லாம் இதைத்தான் காட்டுகிறது என்றேன்.

"அப்ப அவன் குடிச்சு அழிஞ்சு சாகல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காசுக்காக எவனோ விஷத்த ஊத்திக் குடுத்திருக்கான்" என்றார். அப்புறம் மெல்ல, "எங்க ஐயா கடைசி வரைக்கும் அவன் பேரச் சொல்லாமயே போயிட்டாவ" என்றார்.

மாமா குடித்தார் என்பதில் மாற்றமில்லை. அதை நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் குடித்தவன் என்பதும் கொல்லப்பட்டவன் என்பதும் ஒரே கணக்கில் எழுதப்பட்டு, முப்பத்தெட்டு வருஷம் யாரும் அந்தப் பேரேட்டைத் திறக்கவில்லை.

மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாது. குடியால் சீரழிந்த வீடுகளுக்கு லோன் கொடுத்துத் திரும்ப வசூலிக்கப் போகிறவன் நான், அந்த வீடுகளில் பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஊரின் சரித்திரமும் கண் முன்னால் இருக்கிறது. 1950-களில் மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலத்தில்தான் மாஹிம் கழிமுகத்துச் சதுப்பிலும் தாராவி சந்துகளிலும் சாராய ஊறல் பெருகியது. விற்பது ஒளிந்து, வாங்குவது ஒளிந்து, குடிப்பது இருட்டில். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது. செத்தாலும் வீட்டில் ஒளிவுதான். மிச்சிகனில் என் தம்பி ஐம்பது பாட்டிலிலும் தேதி எழுதி ஒட்டி, அடுத்த வீட்டுக்காரனுக்கு இரண்டு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

அன்றைக்கு மத்தியானம் பாட்டில்கள் கெட்டியாகியிருந்தன. அடைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, வெயில் அப்படி. மகன் நான்கிலும் தேதி எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தான். அம்மா அடுக்களைக்கு வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல் பாட்டிலைத் திறந்தோம். ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வாயுவை விட வேண்டும். "புஸ்" என்று நீளமாக வந்தது. மகன் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். காரம் தூக்கலாக, லேசான புளிப்போடு, கடைச் சோடாவை விட மென்மையான நுரையோடு நன்றாகவே இருந்தது. மனைவிக்கு இனிப்பு குறைவாம். அம்மா அரை டம்ளர் கேட்டு வாங்கி, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி, பதநீர் பதம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

அந்த வாரமே அம்மாவின் டிரங்குப் பெட்டி அடியிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் வெளியே வந்தது. மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறோம். இருபத்தாறு வயசு முகம். சிரித்தால் என் மகன் சாயல்.

இனி இஞ்சி பீர் செய்ய நினைப்பவர்களுக்கு: பிளாஸ்டிக் பாட்டில்தான், வாயிலிருந்து இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள், நம் ஊர் வெயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். குழந்தைகள் கேட்டால் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்த பேட்ச்சுக்கு வெள்ளைச் சீனி ஆகாது, உடன்குடிக் கருப்பட்டி போடு, கொஞ்சம் சுக்கும் தட்டிப் போடு என்று அம்மா உத்தரவு. ஊரிலிருந்து வருகிற ஒருவரிடம் இரண்டு கிலோ சொல்லி வைத்திருக்கிறேன்.